2,300 வருடத்துச் சாலையில் எலக்ட்ரிக் சைக்கிள்: ரோம் ஆப்பியா சுற்றுலா எப்படி?

ரோமுக்குப் போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் கொலோசியம், வத்திக்கான், திரெவி நீரூற்று என்று பார்த்துவிட்டு அடுத்த ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். கையில் ஒரு அரை நாள் மிச்சம் இருந்தால் அதை வியா ஆப்பியா அந்திகா என்கிற பழைய ஆப்பியா சாலைக்குக் கொடுங்கள். அதையும் ஒரு வழிகாட்டியோடு எலக்ட்ரிக் சைக்கிளில் போங்கள். நடந்து போனால் பாதி இடங்களைக்கூட எட்ட முடியாது. பஸ்ஸிலோ காரிலோ போனால் அந்தச் சாலையின் சிறப்பே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அதன் சிறப்பு காலுக்குக் கீழே இருக்கிறது.

நான் நெடுஞ்சாலைத் துறையில் உதவிக் கோட்டப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டைக்காரன். மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். நானும் என் மனைவியும் அவளைப் பார்க்கப் போன இடத்தில் மூவரும் சேர்ந்து ரோம் போனோம். அறுபது தாண்டிய எங்கள் இருவருக்கும் இந்தச் சைக்கிள் சரிப்படுமா என்று தேடியபோது தமிழில் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. பைக் என்று விளம்பரத்தில் இருந்தாலும் இது சைக்கிள்தான். மிதித்தால்தான் மோட்டார் வேலை செய்யும். மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும். ஐரோப்பிய விதிப்படி 250 வாட் மோட்டார். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் உதவி நின்றுவிடும். லைசென்ஸ் வேண்டாம். ஹேண்டில்பாரில் இடது கைப்பக்கம் ஒரு பட்டன், அதில் நாலு நிலைகள். சமதளத்தில் இரண்டாவது நிலையே போதும். ஏற்றத்தில் நாலாவதுக்குப் போனால், பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது மாதிரி இருக்கும். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். சைக்கிளை விட்டுப் பல வருடம் ஆகிறது, முழங்கால் வலியும் உண்டு. அவளால் சுமார் 25 கிலோமீட்டர் சுற்றை முடிக்க முடிந்தது. மறுநாள் முழங்கால் சாதாரணமாகவே இருந்தது.

ஆனால் வண்டி கனம். பேட்டரியோடு சேர்த்து 25 கிலோ இருக்கும். ஓட்டும்போது தெரியாது, இறங்கித் தள்ளும்போதும், ஸ்டாண்ட் போடும்போதும், ரயில் பாதைக்கு அடியில் போகும் குறுகலான வழியில் திருப்பும்போதும் தெரியும். சைக்கிள் ஓட்டவே தெரியாதவர்கள் இங்கே வந்து கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

கொலோசியத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒரு கடையிலிருந்து கிளம்பினோம். ஆளுக்கு 80 யூரோ. ஹெல்மெட், தண்ணீர் பாட்டில், வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம். இதே பாதையில் சுற்றுலா நடத்துகிற நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் வழிகாட்டி தொல்லியல் படித்த இளம்பெண். அவள் முதலில் கடைக்கு எதிரே இருந்த சந்தில் எல்லோரையும் நாலு ரவுண்டு ஓட்டவைத்தாள். பிரேக் பிடிக்கச் சொன்னாள், நின்று கிளம்பச் சொன்னாள், ஒற்றைக் கையால் ஓட்டிச் சைகை காட்டச் சொன்னாள். அதைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கரகல்லா குளியல் மண்டபத்தின் பிரம்மாண்டமான செங்கல் சுவர்களைத் தாண்டி, மதில்களுக்கு இடையே போகும் ஒடுங்கிய சாலையில் போனால் போர்த்தா சான் செபஸ்தியானோ என்கிற கோட்டை வாசல் வருகிறது. பேரரசர் ஆரேலியன் கி.பி. 271-இல் கட்டத் தொடங்கிய மதிலின் வாசல் அது. அதைத் தாண்டியதும் வலது கைப்பக்கச் சுவரில் ஒரு தூண் பதித்திருக்கிறார்கள்: ஆப்பியாவின் முதல் மைல்கல். அது நகல், அசல் கேபிடோல் குன்றில் இருக்கிறது. ஆனால் நகல் நிற்கிற இடம் அசல் நின்ற இடம். சாலை போட்டது இந்த வாசல் கட்டுவதற்குக் கிட்டத்தட்ட அறுநூறு வருடம் முன்பு என்பதால், மைல் கணக்கு இங்கிருந்து தொடங்கவில்லை. நகருக்குள் இருந்த பழைய கபேனா வாசலிலிருந்து எண்ணுகிறார்கள். நாங்கள் அதுவரை சைக்கிளில் வந்த தூரம்தான் அந்த ஒரு ரோமானிய மைல், நம் கணக்கில் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எத்தனையோ கிலோமீட்டர் கல் நட்டவன் நான். வாழ்நாளில் பார்த்த கற்களிலேயே என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது அந்தக் கல்தான்.

வாசலிலிருந்து அடுத்த ஒரு கிலோமீட்டர் மோசமான பகுதி. அதை மறைக்கக் கூடாது. சாலை குறுகல், நடைபாதை கிடையாது, கார்கள் உரசிக்கொண்டு போகின்றன. வழிகாட்டி முன்னால் போக, எல்லோரும் ஒற்றை வரிசையில் போனோம். என் மனைவி பயந்துவிட்டாள். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தப் பகுதிக்கு மாற்று வழி இருக்கிறதா என்று பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். நகருக்குள்ளிருந்து கிளம்பாமல் ஆப்பியா பூங்காவிலேயே வண்டியைக் கொடுத்துத் தொடங்குகிற சுற்றுகளும் உண்டு.

அந்தப் பகுதி முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோயில். நீரோ காலத்தில் ரோமை விட்டுத் தப்பி ஓடிய, இயேசுவின் சீடர் பேதுரு இந்தச் சாலையில் ஆண்டவரைப் பார்த்து, ‘எங்கே போகிறீர்?’ என்று கேட்டதாக மரபு. உள்ளே இயேசுவின் பாதம் பதிந்ததாகச் சொல்லும் பளிங்குக் கல்லின் நகல் இருக்கிறது. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டார்கள். என் மனைவி மட்டும் நகரவில்லை. பேதுரு கதை மரபு. பவுல் இந்தச் சாலையில் நடந்தது வேதத்திலேயே இருக்கிறது என்றாள். அப்போஸ்தலர் நடபடிகள் கடைசி அதிகாரத்தில் அப்பியுபுரம் என்றும் மூன்று சத்திரம் என்றும் வருமே, ரோமிலிருந்து சகோதரர்கள் எதிர்கொண்டு வந்த இடங்கள்? இரண்டும் இந்தச் சாலையில் இருந்த ஊர்கள். “அப்பியுபுரத்து ரோடு இதுதானாங்க?” என்று அவள் கேட்டாள். ஞாயிறு பள்ளியில் இத்தனை வருடம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்தவள். வழிகாட்டியிடம் மகள் இதை ஆங்கிலத்தில் சொன்னதும், அந்தப் பெண் எங்களை அவசரப்படுத்தவில்லை. மற்றவர்களைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். ஒரு வழிகாட்டிக்கு மதிப்பெண் போடுவதென்றால் நான் இதற்குத்தான் போடுவேன்.

அதற்கப்புறம் சான் கலிஸ்தோ நிலவறைக் கல்லறைகள். ஊர் எல்லைக்குள் பிணத்தைப் புதைக்கக் கூடாது என்பது ரோமானியச் சட்டம். அதனால்தான் ஊரை விட்டு வெளியேறும் சாலைகளின் இருபுறமும் கல்லறைகள். வசதியுள்ளவர்கள் மேலே மண்டபம் கட்டிக்கொண்டார்கள். கிறிஸ்தவர்கள் கீழே எரிமலைச் சாம்பல் பாறையைக் குடைந்தார்கள். அந்தப் பாறை தோண்டும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டதும் இறுகும். இங்கே மட்டும் சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு நாலு அடுக்காகச் சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. பதினாறு போப்புகளை இங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். இதற்கு நுழைவுச்சீட்டு தனி, உள்ளே படம் எடுக்கக் கூடாது, வேறு வழிகாட்டி அழைத்துப் போவார். உள்ளே குளிரும், வியர்வையோடு இறங்குகிறவர்கள் ஒரு மேல்சட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மாக்சென்டியஸ் கட்டிய தேரோட்ட மைதானம். 312-இல் கான்ஸ்டன்டைனோடு நடந்த போரில் செத்துப்போன பேரரசர் இவர். நடுவில் நின்ற எகிப்தியக் கல்தூணை இப்போது ரோம் நகருக்குள் பியாட்சா நவோனா சதுக்கத்தில் பார்க்கலாம். சிற்பி பெர்னினி 1651-இல் முடித்த நாலு நதிகள் நீரூற்றின் மேல் நிற்கிறது. அந்த நாலு நதிகளில் ஒன்று நம் கங்கை, கையில் துடுப்போடு உட்கார்ந்திருக்கிறது. முந்தின நாள் அந்த நீரூற்றைப் பார்த்துவிட்டு வந்ததால், தூண் இல்லாத அந்தப் புல்வெளியைப் பார்க்கும்போது இரண்டு இடமும் மனதில் ஒட்டிக்கொண்டன. முடிந்தால் அந்த வரிசையில் பாருங்கள்.

இனி சாலை. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

செசிலியா மெத்தெல்லா என்கிற பெண்ணின் வட்டக் கோபுரம் போன்ற கல்லறையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து, பழைய கருங்கல் பாவிய பகுதிகள் வர ஆரம்பிக்கின்றன. ஆப்பியஸ் கிளாடியஸ் என்ற அதிகாரி கி.மு. 312-இல் ரோமிலிருந்து தெற்கே கபுவா நகருக்கு இந்தச் சாலையைப் போட்டார். அதே மனிதர் அதே காலத்தில்தான் ரோமுக்கு முதல் குடிநீர்க் கால்வாயையும் கொண்டுவந்தார். சாலையும் தண்ணீரும் ஒரே கையெழுத்தில்! முதலில் இது கிராவல் சாலை. இருபது வருடத்துக்குள் நகரை ஒட்டிய பகுதியில் கல் பாவத் தொடங்கிவிட்டார்கள். பிறகு இத்தாலியின் குதிகாலில் இருக்கும் பிரிண்டிசித் துறைமுகம் வரை நீட்டினார்கள். மொத்தம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

அகலம் சுமார் 4.1 மீட்டர். இரண்டு வண்டிகள் எதிரெதிராக வந்தாலும் ஒதுங்க வேண்டியதில்லை. இரு ஓரமும் உயர்த்திய நடைமேடை, அதற்குக் கல்விளிம்பு. நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் கேம்பர் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. நான் இறங்கி, அந்தக் கல்விளிம்பு ஓரமாகக் குனிந்து பார்த்தேன். “அப்பா, கல்லறையைப் பாருங்க, எல்லாரும் அங்க பாக்காங்க” என்றாள் மகள். கல்லறைகளைப் பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்க ஒரு ஆளாவது வேண்டாமா?

கற்கள் ஒவ்வொன்றும் ஒரு முறத்தின் அளவு இருக்கும். பல கோணங்களில் செதுக்கி ஒன்றுக்குள் ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். மேலே தட்டையாக இருந்தாலும் அடிப்பாகம் ஆப்பு மாதிரி ஒடுங்கும்; அதனால் படுகைக்குள் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு ஓட்டும்போது பல்லெல்லாம் ஆடுகிறது என்று ரோமானியர்களைக் குறை சொல்லக் கூடாது. இடுக்குகளை அடைத்திருந்தது கரைந்து போய், ஓரங்கள் தேய்ந்து, சில இடங்களில் கற்களைப் பெயர்த்து மறுபடி பதித்ததால் வந்த ஆட்டம் அது. புதிதாகப் போட்டபோது மேற்பரப்பு இறுக்கமாக இருந்திருக்கும். சில கற்களில் வண்டிச் சக்கரம் அறுத்த தடம் விரல் இறங்குகிற ஆழத்துக்கு இருக்கிறது.

கல் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சாலை எஸ்டிமேட் போட்டவர்களுக்குத் தெரியும், ஜல்லியை எத்தனை கிலோமீட்டர் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும் என்பதில்தான் பணம் போகும். சுமார் 2,60,000 வருடத்துக்கு முன் ஆல்பன் குன்றுகளின் எரிமலையிலிருந்து வழிந்த குழம்பு ஒன்று ரோமை நோக்கி வந்து, செசிலியா மெத்தெல்லா கல்லறை இருக்கிற இடத்தில் நின்று இறுகியது. அந்த எரிமலைப் பாறையின் முதுகின் மேல்தான் சாலை ஓடுகிறது. அடித்தளமும் அதுவே, கல் வெட்டின இடமும் பக்கத்திலேயே. சாலை போகும் தடத்தை இதைவிட நன்றாக யார் தேர்ந்தெடுப்பார்கள்? வழிகாட்டி இதைச் சொன்னபோது நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன்; எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

இப்போது புரியும், ஏன் சைக்கிள் என்கிறேன் என்று. கல் பாவிய பகுதியில் சக்கரம் ஏறியதும் கை, தோள், இடுப்பு எல்லாம் சாலையை வாசிக்கின்றன. எங்கே இறுக்கம், எங்கே தளர்வு, எங்கே படுகை அமுங்கியிருக்கிறது என்பது உடம்புக்குத் தெரிகிறது. மோட்டார் உதவி இருப்பதால் மூச்சு வாங்காமல் அதைக் கவனிக்க முடிகிறது. சாதாரண சைக்கிளில் அந்தக் கற்களின் மேல் போனால் மிதிப்பதிலேயே கவனம் போய்விடும். வழிகாட்டி சொன்ன முறை: ஹேண்டில்பாரை இறுக்காதீர்கள், பெடலில் லேசாக எழுந்து நில்லுங்கள், ஒரே சீராக மிதியுங்கள், முன் பிரேக்கைத் திடீரென்று பிடிக்காதீர்கள். முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே மண் பாதை இருக்கிறது. என் மனைவி பெரும்பாலும் அதில்தான் வந்தாள். மழை பெய்திருந்தால் அந்த மண் பாதை சேறாகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 1960 ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்ற பாதை ஆப்பியா வழியாகத்தான் போனது, அதுவும் இருட்டில், தீப்பந்த வெளிச்சத்தில். இந்தச் சாலையைத் தொட்டுப் பார்த்தபின் அந்த 2 மணி 15 நிமிடம் 16 விநாடி வேறு மாதிரி தெரிகிறது.

வழிகாட்டி சொல்லும் விதமும் சாலைக்குப் பொருத்தமாக இருந்தது. அழகான பைன் மரங்களையும் கல்லறைகளையும் மட்டும் காட்டிவிட்டுப் போகவில்லை. கி.மு. 71-இல் ஸ்பார்டகஸின் அடிமைப் படை தோற்றபின், பிடிபட்ட ஆறாயிரம் பேரைக் கபுவாவிலிருந்து ரோம் வரை இந்தச் சாலையோரம் சிலுவையில் அறைந்தான் ரோமானியத் தளபதி கிராசஸ். அந்தக் கிராசஸ் குடும்பத்தின் மருமகள்தான் செசிலியா மெத்தெல்லா; அவள் கல்லறைக் கல்வெட்டில் அந்தப் பெயர் இருக்கிறது. அவ்வளவு பெரிய கல்லறைக்கும் பெயர்கூடத் தெரியாத ஆறாயிரம் பேருக்கும் ஒரே சாலை. இதை அந்தப் பெண் கல்லறைக்கு எதிரே நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள். கூட வந்தவர்கள் யாரும் பேசவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சாலையோரம் பங்களாக்கள் முளைத்ததையும், அந்தோனியோ செதெர்னா என்ற பத்திரிகையாளர் வருடக்கணக்காக எழுதி எழுதிப் போராடியதையும், 1988-இல்தான் இது பூங்காவாக ஆனதையும்கூடச் சொன்னாள். 2024 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தக் கூட்டம் நடந்தது நம் டெல்லியில்.

நம் ஊர்த் தொடர்பும் ஒன்று உண்டு. பழைய சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து போன மிளகு செங்கடல், அலெக்சாந்திரியா வழியாக இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்துப் புட்டியோலித் துறைமுகத்தில் இறங்கியது. அங்கிருந்து தரைவழியாக ரோம் வருகிறவர்களுக்கு ஆப்பியா முக்கியமான வழி. பவுலும் புட்டியோலியில் இறங்கித்தான் வந்தார். வழிகாட்டி இதைச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அடுத்த குழுவுக்கு இதைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று குறித்துக்கொண்டாள்.

சாலையை விட்டு இடதுபுறம் பிரிந்து, பரபரப்பான நெடுஞ்சாலையைக் கடந்து, ரயில் பாதைக்கு அடியில் புகுந்து வெளியே வந்தால் கால்வாய்ப் பூங்கா. கி.பி. 38-இல் தொடங்கி 52-இல் முடித்த அக்வா கிளாடியா என்ற குடிநீர்க் கால்வாய் வயல்வெளி நடுவே வளைவு வளைவாக நிற்கிறது. உயரம் சில இடங்களில் 27 மீட்டர். பம்ப் கிடையாது. 69 கிலோமீட்டரும் சரிவிலேயே தண்ணீர் வந்தது. லெவல் எடுக்கிற வேலை தெரிந்தவர்கள் இங்கே கொஞ்சம் தனியாக நிற்க நேரம் கேளுங்கள். எங்களுக்கு இங்கே இருபது நிமிடம்தான் கொடுத்தார்கள். போதவே போதாது. கஃபரெல்லா பள்ளத்தாக்கு வழியாகத் திரும்பும்போது ஆட்டு மந்தைகளையும், பண்ணையில் விற்கிற ரிகோட்டாப் பாலாடையையும் பார்த்தோம். சாப்பாடு என்று அவர்கள் கொடுத்தது ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொஞ்சம் தக்காளியும். பசி தாங்காதவர்கள் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தண்ணீருக்குக் கவலை இல்லை. வழியெங்கும் இரும்புக் குழாயடிகள் இருக்கின்றன, ஐஸ் மாதிரி தண்ணீர்.

குறைகள் இரண்டு. ஒன்று, குழுவில் அதிகபட்சம் எட்டுப் பேர் என்று போட்டிருந்தார்கள்; எங்களோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வரிசை நீளமானால் போக்குவரத்தில் பாதுகாப்புக் குறைகிறது, பின்னால் வருகிறவருக்கு விளக்கமும் கேட்பதில்லை. இரண்டு, ஐந்தடி உயரமுள்ள என் மனைவிக்கு முதலில் கொடுத்த சைக்கிளின் சட்டம் (ஃபிரேம்) பெரியது. சீட்டை எவ்வளவு இறக்கியும் கால் தரையில் ஊன்றவில்லை. மாற்றித் தந்தார்கள், ஆனால் அடம்பிடித்துக் கேட்டபிறகுதான். நம் பெண்களில் பலருக்கு இந்தப் பிரச்சினை வரும். பதிவு செய்யும்போதே உயரத்தை எழுதிவிடுங்கள், சின்னச் சட்டம் உறுதி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தில் சஸ்பென்ஷனும் அகலமான டயரும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மெல்லிய டயர் வண்டியைக் கொடுத்தால் அந்தக் கற்களின் மேல் ஏறாதீர்கள்.

பெண்கள் சுடிதாரோ பேண்டோ போட்டுக்கொள்வது நல்லது. துப்பட்டா இருந்தால் இடுப்பில் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள். மூடின ஷூ அவசியம். ஜூலை, ஆகஸ்ட் வெயில் நமக்கே தாங்காது. ஏப்ரல், மே அல்லது அக்டோபர் சரியாக இருக்கும். சான் கலிஸ்தோவுக்குப் புதன்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பியாவில் கார்களைக் கட்டுப்படுத்துகிறார்கள். நான் பயமுறுத்திய அந்த ஒரு கிலோமீட்டரை நினைத்துத் தயங்குகிறவர்கள் ஞாயிறு காலைச் சுற்றைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.